தம்பி விழுந்த வளைவு

கார் பழக வந்த ஒரு பெண்ணுக்கு, சுற்றுவட்டத்துக்கு எவ்வளவு தூரத்துக்கு முன்னாலேயே பிரேக்கில் கால் வைக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது தம்பியின் கிளப் மேலாளர் அழைத்தார். பாடம் நடக்கும்போது நான் தொலைபேசி எடுப்பதில்லை. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையில் அந்த மனிதர் என்னை அழைக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். "சேந்தன் ஜெர்மனியில் விழுந்துவிட்டான். உயிருக்கு ஆபத்தில்லை" என்றார். அதற்குப் பிறகு சொன்னதில் முதுகெலும்பு என்ற சொல்லைத் தவிர எதுவும் காதில் ஏறவில்லை. நான் இருந்த நிலையைப் பார்த்து அந்தப் பெண்ணே காரை ஓட்டி என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். வழியில் இரண்டு தடவை எஞ்சின் நின்றுபோனது. இரண்டு தடவையும் அவளே மறுபடி கிளப்பினாள்.

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவள் நான். என் தம்பி சேந்தன் பிரேக் இல்லாத மோட்டார்சைக்கிள் ஓட்டிப் பிழைப்பவன். அந்தப் போட்டிக்கு ஸ்பீட்வே என்று பெயர். நீள்வட்டமான மண் தடம். நான்கு பேர், நான்கு சுற்று, ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். வண்டிக்கு ஒரே கியர். வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இரும்புத் தகடு போட்ட இடது சப்பாத்தை மண்ணில் உரசியபடி, எப்போதும் இடப்பக்கமே திரும்புவார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரு கிளப் இருக்கிறது. பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவனோடு வேடிக்கை பார்க்கப் போனவன் அப்படியே அங்கே ஒட்டிக்கொண்டான்.

பிரித்தானியாவின் முதல்தர லீக்கில் அவனுக்கு இது முதல் பருவம். மார்ச்சில் குளிர் விடுவதற்கு முன் தொடங்கி, இலை உதிரும் வரை போகும். திங்கட்கிழமை சொந்தத் தடத்தில், வியாழக்கிழமை வேறு ஊரில், வார இறுதியில் ஜெர்மனியிலோ போலந்திலோ கிடைக்கிற போட்டியில். வண்டி ஏற்றிப் போகும் வானுக்குள்ளேயே தூங்கி, அதற்குள்ளேயே சாப்பிட்டான். ஏப்ரலில் மாற்று ஓட்டக்காரனாக உள்ளே வந்தவன் ஜூலையில் அணியின் முதல் ஐந்து பேரில் ஒருவனாகிவிட்டான். கிளப்புக்கு ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது. அதில் தோற்காமல் இருந்தால் பிளே-ஆஃப் என்ற இறுதிச் சுற்றுக்குப் போகலாம். இதெல்லாம் எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். அவன் ஓடி நான் ஒரு ஓட்டம்கூடப் பார்த்ததில்லை. எனக்குப் பயம். வேறு காரணம் இல்லை.

அம்மா என்னோடுதான் இருக்கிறா. ரத்த அழுத்தக்காரி. "தம்பிக்குக் கை முறிஞ்சிட்டுதாம், போய்ப் பார்த்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

ஜெர்மனியில் இறங்கியதும் எனக்கு நடந்த முதல் அபத்தம், ஓடாத ரயிலில் உட்கார்ந்திருந்தது. சரியான மேடை, சரியான ரயில். ஆனால் இடையில் ஒரு நிலையத்தில் ரயிலை இரண்டாகக் கழற்றினார்கள். முன்பாதி வடக்கே போய்விட்டது. நான் இருந்த பின்பாதி மூச்சு விடாமல் நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். சீட்டுப் பரிசோதகர் என்று நினைத்து, ஜன்னல் துடைக்க வந்தவரிடம் சீட்டை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிறகு விரித்துக் காட்டினார். பிரிந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான மொழி கிடையாது.

மழை தூறிக்கொண்டிருந்தது. அடுத்த ரயில் ரத்து என்று பலகையில் விழுந்தது. எங்கள் ஊரிலும் ரயில் ரத்தாகும். ஆனால் அங்கே யாராவது ஒருவர் நம்மோடு சேர்ந்து திட்டுவார். இங்கே எல்லோரும் பலகையை வாசித்துவிட்டு அமைதியாகக் கலைந்தார்கள். அந்த அமைதிதான் என்னைப் பிடித்து உலுக்கியது. கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் தவம் அண்ணைக்கு அழைத்தேன். என் பெரியப்பாவின் மகன். கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு கல்யாண வீட்டில்.

"என்ன நிலையம் எண்டு எழுத்துக்கூட்டிச் சொல்லு" என்றார். சொன்னேன். "அந்த இடத்திலயே நில்லு பிள்ளை. இனி ஒரு ரயிலிலயும் ஏறாதை. நான் வாறன்."

"உங்களுக்கு வேலை இல்லையோ அண்ணை?"

"பின்னேரம் ஒரு வீட்டில ஹீட்டருக்குத் தெர்மின், நேரம் குடுத்திட்டன். அவங்கள் போர்த்துக்கொண்டு இருக்கட்டும்."

தவம் அண்ணை வீடுகளுக்கு வெப்பக் குழாய் பொருத்துகிறவர். அவருடைய வானில், செப்புக் குழாய்கள் பின்னால் கலகலக்க, ஆட்டோபானில் ஏறினோம். இங்கிலாந்தில் ஸ்டியரிங் இருக்கும் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் ஸ்டியரிங் இல்லை. கற்றுக்கொடுக்கும் காரில் என் கால் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பதினைந்து வருடப் பழக்கம். தவம் அண்ணை லாரிகளை முந்தும்போதெல்லாம் என் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"இது வேகமோ? அங்க பார், அவன் போறான்." கறுப்புக் கார் ஒன்று எங்களை உரசாத குறையாகக் கடந்து, மழைக்குள் மறைந்தது. "அவனுக்கு இங்க லிமிட் இல்லை. எனக்கு இந்த வான்தான் லிமிட்."

சிரிக்க முயன்றேன். ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, அவர் மனைவி யோகா மச்சாள் கட்டிக் கொடுத்த ரோல்ஸை எடுத்து நீட்டினார். கையில் பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கால் அசையுதாமோ?"

"தெரியாது அண்ணை. ஒருத்தரும் சொல்லயில்லை."

அதற்குப் பிறகு அவர் லாரிகளை முந்தவில்லை. அவற்றின் பின்னாலேயே போனார். அது இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி கடலுக்குக் கிட்ட, தட்டையான ஒரு ஊரில் இருந்தது. வெளியே மாடுகள் நின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர்தான் போகலாம் என்று தவம் அண்ணையை வெளியே இருத்திவிட்டார்கள். சேந்தனின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் முதலில் என்னை ஏமாற்றியது. நெற்றியில் தலைக்கவசத்தின் தடம் மட்டும் சிவப்பாக இருந்தது.

"அக்கா, அம்மாட்டச் சொன்னீங்களா?"

"கை எண்டு சொல்லியிருக்கிறன்."

"கையில ஒண்டும் இல்லையே" என்று சிரித்தான். சிரிப்பு முதுகைக் குத்தியிருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கிளப்பைப் பற்றி ஆரம்பித்தான். வியாழக்கிழமை தன் இடத்தில் யாரைப் போடப் போகிறார்கள், அந்தத் தடத்தில் உள் பக்கம் எவ்வளவு வழுக்கும் என்று. நான் கட்டிலின் கால் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போர்வைக்கு மேலாக அவன் இடது பாதத்தைப் பிடித்தேன். பெருவிரலை அமுக்கினேன். இன்னும் அழுத்தினேன். அவன் என் முகத்தைப் பார்த்து, முதல் வளைவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். நான் அவன் காலைப் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து தவம் அண்ணையிடம் "நித்திரை வருதாம்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் டாக்டர் என்னை ஒரு சின்ன அறையில் இருத்தினார். என் வயதுப் பெண். மேசையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்து இடுப்புக்குச் சற்று மேலே விரலை வைத்தார். இந்த எலும்பு நொறுங்கி, ஒரு துண்டு நரம்பை அழுத்தியிருந்தது, எடுத்துவிட்டோம், திருகாணி போட்டிருக்கிறோம் என்றார். வலது கால் நன்றாக இருக்கிறது. இடது காலில் உணர்வு திரும்பலாம். "திரும்புமா?" என்றேன். "எனக்குத் தெரியாது" என்றார். வீக்கம் வற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும். என் கேள்வியை நான்கு விதமாகக் கேட்டேன். நான்கு தடவையும் அதே முகத்தோடு அதே பதிலைச் சொன்னார். அன்று அவர் மேல் கோபமாக இருந்தது. பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

தவம் அண்ணை வேலைக்குத் திரும்பிப் போனார். போகும்போது என்னை ஒரு வீட்டில் சேர்த்துவிட்டார். மேல்மாடியில் அறை வாடகைக்கு விடும் ஒரு வயதான பெண்மணியின் வீடு. அந்தப் பகுதி ஆட்கள் தேநீர்ப் பைத்தியங்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. மெல்லிய கிண்ணத்தில் ஒரு கற்கண்டுக் கட்டி. அதன் மேல் சுடச்சுடத் தேயிலைச் சாயம். கற்கண்டு பட்டென்று வெடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஓரமாக ஒரு கரண்டி பாலாடை. நான் பழக்கதோஷத்தில் கலக்கப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். கலக்கக் கூடாதாம். முதலில் பாலாடை, பிறகு கசப்பு, கடைசியில் இனிப்பு. மூன்று கிண்ணம் குடிக்காமல் எழும்பினால் மரியாதைக் குறைவு. எங்கள் ஊர்த் தேநீரைவிட நல்ல சாயம் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது கிண்ணத்தில் நான் யாருடைய அக்கா என்று சொன்னேன். அவர் தேநீர்க் கேத்தலை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த ஊர்ச் சனம்தான் சம்பளமில்லாமல் தடத்தை நடத்துகிறார்கள். இவர் கணவர் மண் இழுக்கும் டிராக்டர் ஓட்டுகிறவர், இவர் கேக் விற்கிறவர்.

"நான் பார்க்கவில்லை" என்றார், தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில். "கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். நான்கு எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. சத்தம் நின்றதும் நிமிர்ந்தேன். மற்றப் பையன் மண்ணில் முழங்கால் போட்டு இருந்தான். அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக மூன்று பேர் வேண்டியிருந்தது."

"மற்றப் பையன் யார்?"

"டென்மார்க்காரன். அவன் வண்டிதான் உன் தம்பியில் ஏறியது."

தம்பியின் வண்டியும் பையும் இன்னும் தடத்தில்தான் இருக்கின்றன, எடுத்துவைக்க வேண்டும் என்றார். அடுத்த நாள் அவரோடு போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அறையில் தனியாக உட்கார்ந்து அந்தச் சத்தம் நின்ற கணத்தையே நினைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

ஊர்க் கோடியில், சோளக் கொல்லைகளுக்கு நடுவே தடம். நான் பெரிதாக ஏதோ கற்பனை செய்திருந்தேன். ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுதான் இருந்தது. கறுப்பு மண்ணை மட்டமாக இழுத்து, தண்ணீர் தெளித்து, கோலம் போட வைத்த முற்றம்போல வைத்திருந்தார்கள். வளைவில் காற்றடைத்த தடுப்பு மெத்தை. "இங்கே" என்று அந்த அம்மா இரண்டாவது வளைவைக் காட்டினார். ஒரு அடையாளமும் இல்லை. மண்ணில் கால் வைத்துப் பார்த்தேன். தளர்ந்த மணல் மாதிரி வழுக்கியது. நடப்பதற்கே பிடி இல்லாத இந்த மண்ணில்தான் இவன் படுத்துத் திரும்பினானா என்று நினைத்துக் காலைப் பின்னுக்கு எடுத்தேன்.

வண்டி நிறுத்தும் கொட்டகையில் ஒரு பையன் குழாயைப் பிடித்து ஒரு மோட்டார்சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். சேந்தனின் வண்டி. முன்சக்கரம் வளைந்திருந்தது. அவன் இரண்டு விரல்களில் கட்டுப் போட்டிருந்தான், ஒற்றைக் கையால்தான் வேலை நடந்தது. கம்பிகளுக்கு இடையில் இருந்த மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தான். யாரோ கிளப் ஆள் என்று நினைத்து நன்றி சொன்னேன். சேந்தனின் அக்கா என்றேன். குழாய் அவன் கையில் இருந்து நழுவித் தரையில் தண்ணீரைக் கக்கியது.

"நான் ஆக்செல்" என்றான்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கிளப்பில் சேந்தனோடு சேர்ந்து ஓடுகிறவன். சேந்தனின் வானில் பாதித் தூரம் இவன் ஓட்டுவான், இவன் வானில் பாதித் தூரம் சேந்தன் ஓட்டுவான். என் சமையலறையில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டிருக்கிறான் என்று அம்மா சொல்லியிருக்கிறா. திங்கட்கிழமை ஒரே அணி, ஒரே சட்டை. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நாட்டில் எதிர் எதிர் அணி. இந்த விளையாட்டு அப்படித்தான்.

"உள்பக்கம் இடம் இருந்தது" என்றான். நான் கேட்கவில்லை. "போனேன். என் முன்சக்கரம் தூக்கிவிட்டது. அவன் அங்கே இருந்தான்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தாயா?"

"கார் நிறுத்துமிடம் வரைக்கும் வந்தேன். தினமும்."

எனக்குள் என்னவோ கொதித்து வந்தது. "நீ உள்ளே வராதே. அவன் இப்போது உன்னைப் பார்க்க வேண்டாம்" என்றேன். அவன் தலையாட்டினான். குனிந்து குழாயை எடுத்து, மறுபடியும் கழுவத் தொடங்கினான். வண்டி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று மாலை சேந்தனை வார்டுக்கு மாற்றினார்கள். ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாடு வந்தது. இரண்டு துண்டுப் பாண், சீஸ், ஒரு ஊறுகாய் வெள்ளரிக்காய். எல்லாம் குளிர்ச்சி. நோயாளிக்குச் சூடாக ஒரு கஞ்சிகூடக் கொடுக்காத ஊரா என்று எனக்கு அழுகை வந்தது. தவம் அண்ணை யோகா மச்சாளின் சோற்றுப் பெட்டியோடு மறுபடியும் வந்து சேர்ந்தார். மீன் குழம்பின் வாசம் தாழ்வாரம் முழுக்கப் பரவியது. ஒரு தாதி எட்டிப் பார்த்தாள். தவம் அண்ணை அவளிடம் நீளமாக ஜெர்மனில் ஏதோ சொன்னார். அவள் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"என்ன சொன்னீங்கள்?"

"இதுக்கும் அன்ட்ராக் எழுதி அனுமதி கேக்க வேணுமோ எண்டு கேட்டனான்."

சேந்தன் நான்கு கவளம் சாப்பிட்டான். பிறகு கேட்டான். "ஆக்செல் வந்தவனா?"

நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். "நான்தான் வர வேண்டாம் எண்டனான்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "அக்கா, வியாழக்கிழமை அவன் ஓட வேணும். நானும் இல்லை, அவனும் இல்லையெண்டால் எங்களுக்கு ஆக்களே இல்லை. அவனைக் கூப்பிடுங்கோ."

"அவன்தான் உன்னை..."

"தெரியும். அடிச்சது எனக்குத்தானே."

சேந்தனின் தொலைபேசியில் அழைத்தேன். ஆக்செல் கார் நிறுத்துமிடத்தில்தான் இருந்தான். மேலே வந்தவன் கதவைத் தாண்டவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வியாழக்கிழமை தான் ஓடப் போவதில்லை என்றான். கண்ணை மூடினால் சக்கரம் தெரிகிறதாம். மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

"அப்படியானால் நான் எதற்காக விழுந்தேன்?" என்று சேந்தன் கேட்டான். அவன் குரல் உயரவே இல்லை. "மார்ச்சில் இருந்து ஓடியிருக்கிறோம். உள்ளே வா."

ஆக்செல் வந்து கட்டிலருகே உட்கார்ந்தான். சேந்தன் படுத்தபடியே கையைத் தூக்கி, காற்றில் ஒரு வளைவு போட்டான். வியாழக்கிழமைத் தடத்தில் இங்கே குழி விழும், இங்கே த்ராட்டிலைக் குறைக்காதே, இங்கே உடம்பை முன்னால் தள்ளு. உள்ளங்கைதான் வண்டி. ஆக்செல் கட்டுப்போட்ட விரல்களைத் தூக்கி இன்னொரு வண்டியாக்கினான். இரண்டு கைகளும் ஒன்றையொன்று துரத்தின. பார்த்துக்கொண்டிருந்த தவம் அண்ணை என் காதுக்குள் சொன்னார். "பிள்ளை, இதுகளுக்கு விசர்."

எனக்கு அது பைத்தியமாகத் தெரியவில்லை. அவர்கள் இருவருக்கும் பயம் என்பது தெரிந்தது. கை வேலை செய்துகொண்டிருக்கும் வரைக்கும் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஆக்செல் எழுந்து போனான். படி வரைக்கும் கூடப் போனேன்.

வியாழக்கிழமை மாலை சேந்தனின் தொலைபேசியைச் சாப்பாட்டுத் தட்டில் சாய்த்து வைத்தோம். இங்கிலாந்தில் இருந்து நேரடி ஒளிபரப்பு. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்பீட்வே பார்க்கிறேன், அதுவும் இந்த அறையில் இருந்துகொண்டு. வெளியே போய் நிற்கட்டுமா என்று கேட்டேன். "இருங்கோ அக்கா" என்றான். இருந்தேன்.

தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடா மேலே துள்ளுகிறது. நான்கு பேரும் ஒரே கணத்தில் ஒரே இடத்தை நோக்கிப் பாய்கிறார்கள். முதல் வளைவில் அவர்கள் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து வெளியே வருவதுபோல் இருக்கும். அந்த இரண்டு வினாடிகளும் நான் மூச்சு விடவில்லை. நான்கு தலைக்கவசமும் நேராக வெளியே வந்த பிறகுதான் விடுவேன். பதினைந்து ஓட்டங்களும் அப்படித்தான். யார் முந்தினார், யாருக்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் சேந்தன் சொன்னான். நான் தலைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு. நான்கு. நான்கு.

முதலாவதுக்கு மூன்று புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று. கடைசி ஓட்டத்துக்கு வந்தபோது எங்கள் கிளப் இரண்டு புள்ளி பின்னால். எங்கள் ஆள் ஒருவன் முதலாவதாகப் பறந்துகொண்டிருந்தான். ஆக்செல் கடைசி. அவன் ஒருவனை முந்தி மூன்றாவது வந்தால் ஆட்டம் சமன். சமன் போதும், பிளே-ஆஃப். சேந்தன் கட்டில் கம்பியைப் பிடித்துத் தலையைத் தூக்கினான். தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவது சுற்றில் ஆக்செல் முன்னால் இருந்தவனின் பின்சக்கரத்தோடு ஒட்டிவிட்டான். கடைசிச் சுற்று. முன்னால் போனவன் கொஞ்சம் அகலமாகத் திரும்பினான். உள்பக்கம் இடம் திறந்தது. எனக்கே தெரிந்தது.

"போ" என்றான் சேந்தன்.

ஆக்செலின் வண்டி உள்பக்கம் சாய்ந்தது. பிறகு எஞ்சின் சத்தம் ஒரு கணம் இறங்கியது. இடம் மூடிக்கொண்டது. நான்கு பேரும் அதே வரிசையில் கோட்டைத் தாண்டினார்கள். எங்கள் கிளப்பின் பருவம் முடிந்தது.

நான்கு தலை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணீர் வந்தது. தவம் அண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெண்டதோ?"

"தோத்திட்டினம் அண்ணை."

"பிறகேன் நீ கடவுளே கடவுளே எண்டு கும்பிடுறாய்?"

சேந்தன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "இடம் இருந்தது" என்றான். பிறகு, "நான் எண்டால் போயிருப்பன்" என்றான். இந்தப் பயணத்தில் நான் கேட்ட எல்லாவற்றிலும் என்னை அதிகம் பயமுறுத்தியது அந்த வார்த்தைதான். டாக்டரின் "தெரியாது" அதற்குப் பக்கத்தில் வர முடியாது. முதுகில் திருகாணியோடு, ஒரு கால் மரத்துக் கிடக்கும்போது, போயிருப்பேன் என்கிறான். அது உண்மை என்பதும் எனக்குத் தெரிந்தது.

ஆக்செல் அழைத்தான். சேந்தன் ஒலிபெருக்கியில் போட்டான். பின்னால் எஞ்சின்கள் அடங்கிக்கொண்டிருந்தன.

"இடம் இருந்தது" என்றான் சேந்தன்.

"பார்த்தேன்."

நான் தொலைபேசிப் பக்கம் குனிந்தேன். "ஆக்செல், நான் சேந்தனின் அக்கா. நீ நேராக எங்கள் வீட்டுக்குப் போ. அம்மா தனியாக இருக்கிறா. அவவிடம் நீயே உண்மையைச் சொல்லு. என்னால் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை" என்றேன்.

"நானா?" என்றான்.

"நீதான்."

சேந்தன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. விழுந்த நாளில் இருந்து அவன் அழுது நான் பார்க்கவில்லை. தவம் அண்ணை எழுந்து ஜன்னலுக்குப் போய், இல்லாத மாடுகளைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆக்செல் போனான். எங்கள் சமையலறையில் அம்மாவோடு விடியும்வரை இருந்தானாம். அம்மா அவனைத் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. எனக்கு அழைத்து, "இனி என்னட்டை ஒண்டையும் மறைக்காதை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் சக்கரம் வைத்த சட்டம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இன்று எழும்பி நிற்கலாம் என்றாள். சேந்தனின் இடது காலில் அதற்கு முதல் நாள்தான் கொஞ்சம் உணர்வு வந்திருந்தது. எறும்பு ஓடுவதுபோல் இருக்கிறது என்றான். டாக்டரிடம் ஓடிப் போய்க் கேட்டேன். நல்ல அறிகுறி, ஆனால் எவ்வளவு தூரம் திரும்பும் என்று தெரியாது என்றார். அந்தத் தெரியாது என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். நான் பின்னால் நின்று அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். நின்றான். ஜன்னல் மூன்று எட்டுத் தூரம். அவன் அதைப் பார்த்தான். சட்டத்தின் கைப்பிடிகளை இறுக்கினான். முழங்கைகள் அகன்று, தோள் முன்னால் சரிந்து, நாடா மேலே போவதற்குக் காத்திருப்பவனைப்போல் நின்றான். ஆனால் நகரவில்லை.

அந்தப் பெண் பொறுமையாக ஏதோ சொன்னாள். அவன் நகரவில்லை.

"அக்கா."

"என்ன?"

"பயமா இருக்கு."

சின்ன வயதில் இருந்து இன்றுவரை அவன் வாயில் இருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. வீட்டில் பயப்படுகிற வேலை முழுவதையும் நான்தான் செய்துவந்தேன். பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவனுக்கு அது தெரிந்திருக்கும்.

"எனக்கும்தான்" என்றேன்.

தலையை ஒரு தடவை ஆட்டினான். பிறகு இடது காலை, தரையில் இழுத்துக்கொண்டு, முன்னால் வைத்தான்.